காட்டுமாடும் வாரா ஐயக்கடனும்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். எந்த ஊர் என்று கேட்டார்கள். கொடைக்கானல் பக்கம் வில்பட்டி என்றேன். அவ்வளவுதான், மூன்று பேரும் கட்டிலை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"மச்சி, உங்க ஊர்ல ரோட்டுல எல்லாம் பைசன் சுத்துமாமே, நெசமாவா? நீ பார்த்திருக்கியா?"

ஒருத்தன் செல்போனில் வீடியோவே வைத்திருந்தான். ஏழு ரோடு சந்திப்பில் ஒரு காட்டுமாடு நிதானமாக நடந்து போகிறது. பின்னாலேயே பத்து பேர் கையைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். "செம கெத்துல்ல?" என்றான்.

"ம், பார்த்திருக்கேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு ஏன் அப்படிப் போனேன் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொசுவத்தி சுற்றினால், நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் தை மாதம். அம்மாச்சிக்கு வீட்டுக்குப் பின்னால் சரிவில் அரை ஏக்கர் தோட்டம். கேரட், பீன்ஸ், ஓரமாகக் கொஞ்சம் மலைப்பூண்டு. விடியற்காலையில் வாளியை எடுத்துக்கொண்டு அம்மாச்சி தோட்டத்துக்குப் போனார். மூடுபனி. ஐந்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பேரிமரத்துக்குக் கீழே அது படுத்திருந்திருக்கிறது. அது துரத்தவில்லை. வாளிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்திருக்கிறது, வெளியேற இருந்த ஒரே பாதையில் அம்மாச்சி நின்றிருக்கிறார். தலையை ஒரு பக்கமாக ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த ஒரு ஆட்டலில் அம்மாச்சியின் தொடை எலும்பு முறிந்தது.

மதுரையில் ஆபரேஷன். பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. அந்தப் பட்டத்துக் கேரட்டை யாரும் பிடுங்கவில்லை. செலவுக்கு வீட்டில் இருந்த ஒரே கறவை மாட்டை விற்றோம். காட்டுமாடு முட்டியதற்கு வீட்டுமாடு போனது என்று மாமா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மிருகத்துக்குப் பெயர் கிடையாது. "அது". அவ்வளவுதான். "நேத்து ராத்திரி அது வந்துச்சு", "அது போயிருச்சா பாரு". செல்போன் வீடியோவைப் பார்த்து என்னால் கெத்து என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, கதைக்கு வருவோம். போன வருடம், கார்ப்பரேட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின இரவு. பரீட்சைக்கு முந்தின இரவுதான் உலகத்தில் உள்ள மற்ற விஷயங்கள் எல்லாம் சுவாரசியமாகத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். இணையத்தில் எதையோ தேடப் போய், ஒரு கருப்பு வெள்ளைப் படத்தில் மாட்டிக்கொண்டேன். முதலில் "அது" என்றுதான் நினைத்தேன். கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்கள். ஆனால் கழுத்துத் தொங்குசதை தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்குகிறது. கொம்பின் நுனி நார்நாராகப் பிரிந்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி இருக்கிறது. பெயர் கௌப்ரே. கம்போடியா நாட்டு மிருகம். கெமர் மொழியில் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? காட்டு மாடு. நம்ம ஊரில் சொல்கிற அதே பெயர்!

இந்த மாட்டின் கதை விசித்திரமானது. வெளியுலக விஞ்ஞானிகளுக்கு இப்படி ஒரு மாடு இருப்பது 1937ல்தான் தெரிந்தது. கம்போடியாவில் இருந்த சவேல் என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவரின் வீட்டில் மாட்டியிருந்த கொம்பைப் பார்த்துவிட்டு, அஷில் உர்பேன் என்பவர் தேடினார். ஒரு கன்று பாரிஸ் நகரத்து வான்சென் மிருகக்காட்சி சாலைக்குக் கப்பலேறியது. அதை வைத்துத்தான் இது தனி இனம் என்று உர்பேன் எழுதினார். அந்த டாக்டரின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார்: போஸ் சவேலி. அந்தக் கன்று சில வருடங்களில் செத்துப்போனது.

அப்புறம் 1951ல் சார்லஸ் வார்ட்டன் என்ற அமெரிக்கர் கம்போடியக் காட்டில் இதைப் படம் எடுத்தார். 1964ல் மறுபடியும் போனார், இந்த முறை பிடித்து வளர்ப்பதற்காக. ஐந்து மாடுகளைப் பிடித்தார்கள். இரண்டு செத்தன, மூன்று தப்பித்துக்கொண்டன. அதற்குப் பிறகு அந்த நாட்டில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். போர், குண்டு, கண்ணிவெடி, ஆளுக்கொரு துப்பாக்கி. கறிக்கும் கொம்புக்கும் சுட்டார்கள். மனிதர்களே லட்சக்கணக்கில் செத்த இடத்தில் மாட்டை யார் எண்ணுவது? 1980களுக்குப் பிறகு அது உயிரோடு இருப்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. கம்போடியாவின் தேசிய விலங்கு அது. தேசத்தில்தான் அதைக் காணோம்.

இதற்கு நடுவில் 2006ல் இன்னொரு கூத்து. இது தனி இனமே இல்லை, பன்டெங் என்கிற இன்னொரு காட்டுமாட்டுக்கும் நாட்டுமாட்டுக்கும் பிறந்த கலப்பு என்று அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் சொன்னார்கள். அடுத்த வருடமே அவர்களே அதை விட்டுக்கொடுத்தார்கள். 2021ல் பழைய மண்டையோடுகளில் இருந்து மரபணுவைப் படித்துப் பார்த்து, தனி இனம்தான் என்று உறுதி செய்தார்கள். பாவம், இருக்கிறதா என்று தெரியாத ஒரு மாடு, இருந்ததா என்பதற்கும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

ஐயுசிஎன் என்கிற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இதன் பெயருக்கு எதிரே "மிக அருகிவிட்டது, அழிந்திருக்கலாம்" என்கிற மாதிரி போட்டிருக்கிறார்கள். அந்த "கலாம்" தான் என்னைப் பிடித்து இழுத்தது. ஏனென்றால் என் மடியில் விரித்தபடி கிடந்த புத்தகத்திலும் அதுதான் இருந்தது.

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பதிவியலிலேயே படித்திருப்போம். கடன் வாங்கினவர் திவாலாகிவிட்டார், இனி வரவே வராது என்று தெரிந்தால் அது வாராக்கடன். ஏட்டில் இருந்து நீக்கிவிட வேண்டியதுதான். ஆனால் ஆளைக் காணோம், கடை பூட்டியிருக்கிறது, போன் அடித்தால் எடுப்பதில்லை, ஆனாலும் முடிந்துவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றால்? அதற்காகத்தான் வாரா ஐயக்கடன் ஒதுக்கு. நஷ்டத்துக்குத் தயாராகு, ஆனால் பெயரை ஏட்டில் இருந்து எடுக்காதே. பெயரை எடுத்துவிட்டால் அப்புறம் யாரும் அந்தக் கடைக்கு வசூலுக்குப் போகமாட்டார்கள்.

கௌப்ரேயும் அப்படித்தான். அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டால் அதைத் தேடி யாரும் காட்டில் கேமரா கட்டப்போவதில்லை. எழுதாமல் வைத்திருந்தால் ஒரு தொகை, ஒரு நம்பிக்கை, இரண்டு ஆட்கள் இன்னும் அதற்காக ஒதுக்கப்படுவார்கள். மூன்று வருடமாக நான் படித்த பாடத்தில் முதல்முறையாக ஒரு கணக்குத்தலைப்பைப் பார்த்து மனசு கனத்தது அன்றைக்குத்தான். (பரீட்சையில் என்ன மார்க் என்று கேட்காதீர்கள்.)

அதன் பிறகு காட்டுமாட்டுக் குடும்பத்தின் கணக்குகளை எல்லாம் தேட ஆரம்பித்தேன். போலந்து நாட்டில் யாக்டோரூவ் என்று ஒரு காடு. நம் காங்கேயம் காளையில் இருந்து வெள்ளைக்காரன் பால்மாடு வரைக்கும் எல்லா வீட்டுமாடுகளுக்கும் மூதாதை ஆரோக்ஸ் என்ற காட்டுமாடு. அதன் கடைசிக் கூட்டம் அந்தக் காட்டில்தான் இருந்தது. ராஜா காவல் போட்டிருந்தார். அந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டதற்காகவே பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தார். காவல்காரர்கள் எண்ணி எழுதிய கணக்கு இருக்கிறது. 1564ல் 38. பிறகு 24. அப்புறம் 4. 1620ல் 1. கடைசிப் பசு 1627ல் செத்தது. இவ்வளவு துல்லியமாக ஏடு எழுதியும் இருப்பு பூஜ்யம்! மேய்ச்சல் நிலத்தை வீட்டுமாடுகள் எடுத்துக்கொண்டதும் நோயும் வேட்டையும் சேர்ந்து முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கணக்கு எழுதினால் மட்டும் போதாது என்று எங்கள் துறையில் யாரும் சொல்லித்தரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், இலங்கையைப் பாருங்கள். கண்டி ராஜாவிடம் சிறைப்பட்டு 1660 முதல் 1679 வரை அங்கே வாழ்ந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், தப்பிப் போய் 1681ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் காளை மாதிரியே ஒரு மிருகம், முதுகு கூர்மையாகப் புடைத்திருக்கும், நான்கு கால்களும் பாதி வரைக்கும் வெள்ளை என்று எழுதியிருக்கிறார். உள்ளூர்ப் பெயர் கவரா. தான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ராஜா வளர்த்தது என்கிறார். படித்ததும் எனக்குப் புல்லரித்தது. அது எங்கள் தோட்டத்துக்கு வருகிற "அது" தான்! அதே முதுகு, அதே கால். இன்றைக்கு இலங்கைக் காட்டில் ஒன்று கூட இல்லை. முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். செய்தித்தாளில் எல்லாம் காட்டெருமை என்றுதான் போடுவார்கள். வருகிறவர்கள் பைசன் என்பார்கள். இரண்டுமே தப்பு. இது எருமையும் இல்லை, அமெரிக்கப் பைசனும் இல்லை. மாடுதான். பழைய தமிழில் இதற்கு ஆமா என்று அழகாக ஒரு பெயர் உண்டு. கடா ஒன்று ஆயிரம் கிலோ வரை வரும். நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972ல் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு சேர்ந்து. உலகத்தில் மிச்சம் இருக்கும் காட்டுமாடுகளில் பெரும்பகுதி இந்தியாவில்தான். அப்படியும் ஐயுசிஎன் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனம்தான். வீட்டுமாட்டுக்கு வருகிற வெக்கை நோய் இதற்கும் வரும். 1968ல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த நோயை உலகத்தை விட்டே ஒழித்தாகிவிட்டது என்று 2011ல்தான் அறிவித்தார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு லீவுக்கு ஊருக்குப் போனேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அம்மாச்சியிடம் கம்போடியா மாட்டைப் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"ஏய்யா, அந்த ஊர்லயும் அது கெழவிகள முட்டுச்சா?"

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டாலும் கேள்வி நியாயமானது. உலகத்துக்கு அரிய உயிரினம். எங்கள் சரிவில் நான்கு நாளைக்கு ஒருமுறை பீன்ஸ் கொடியை மிதித்துவிட்டுப் போகிற விருந்தாளி. உலகக் கணக்கில் வரவு, வில்பட்டிக் கணக்கில் பற்று. இரட்டைப் பதிவு முறை என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பற்று எழுதப்படுவது எப்போதும் ஒரே ஆள் பெயரில்.

அப்புறம் அம்மாச்சியே பேச ஆரம்பித்தார். அவர் வயசுப்பெண்ணாக இருந்தபோது வில்பட்டியில் இதைப் பார்த்ததே இல்லையாம். மேலே மன்னவனூர்ப் பக்கம் போனால் எட்டத்தில், மலைச்சரிவில், கறுப்புப் புள்ளியாகத் தெரியுமாம். "பார்த்தா கும்புட்டுக்குவோம்" என்றார்.

"அப்பெல்லாம் அங்க வெறும் புல்லு மலைய்யா. பள்ளத்துல மட்டுந்தான் சோலை. அப்பறம் இந்த பைனு, தைலமரம் எல்லாம் வச்சாங்க. நானுந்தான் கூலிக்குப் போயி நட்டேன். ஒரு கன்னுக்கு ஒரு குழி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழனி மலையின் உச்சியில் சோலையும் புல்வெளியும் கலந்து கிடந்த காடு, போன நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோப்பாக மாறியது என்று படித்திருந்தேன். பைன் மரத்துக்கு அடியில் போய்ப் பாருங்கள். டூரிஸ்ட்கள் படம் எடுக்க அழகாக இருக்கும். காட்டுமாடு கடிக்க ஒரு வாய்ப் புல் இருக்காது. புல் எங்கே இருக்கிறது? பங்களா முற்றத்தில் இருக்கிறது. 1895ல் தொடங்கின கோல்ஃப் மைதானத்தில் இருக்கிறது. தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. அது அங்கே வருகிறது. இதை எல்லாம் புத்தகத்தில் படித்தவன் நான். குழி வெட்டினது என் அம்மாச்சி.

"அப்ப அதோட தீனிய நாம எடுத்துக்கிட்டோம், அதனாலதான் அது நம்ம தோட்டத்துக்கு..." என்று நான் பெரிய தத்துவம் பேச ஆரம்பித்தேன். அம்மாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுக்கு அதெல்லாம் தெரியுமா? பயந்துச்சு, முட்டுச்சு. நானும் எனக்குக் கூலி குடுத்தாங்க, நட்டேன்."

சரிதான். பழி வாங்குவது எல்லாம் சினிமா மிருகங்களுக்கு.

"அப்ப அது இல்லாமப் போனா ஒனக்கு நிம்மதிதான, அம்மாச்சி?" என்று கேட்டேன். ஊன்றுகோலை எடுத்து அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"வராம இருக்கணும்னுதான்யா சொல்லுவேன். இல்லாமப் போகணும்னு எப்பச் சொன்னேன்?"

வராமல் இருப்பதும் இல்லாமல் போவதும் வேறு வேறு. இவ்வளவு நாள் எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்கிறேன், ஏழாம் வகுப்பில் இருந்து ராத்திரி படுக்கும்போது அந்த மாடுகள் எல்லாம் செத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். முட்டு வாங்கினவர் ஒருநாளும் அப்படி வேண்டவில்லை.

2013ல் எங்கள் மலையில் சுமார் 609 சதுர கிலோமீட்டரைக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். கோடு போட்டதோடு அது உள்ளேயே இருந்துவிடாது. உள்ளே புல் இருந்தால் இருக்கும். அந்நிய மரங்களை எடுத்துவிட்டுப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. குழி வெட்டி நட ஒரு நாள் கூலி போதும். நட்டதை எடுத்துவிட்டுப் பழைய புல்லை வரவைக்க எத்தனை வருடம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதுவரைக்கும் எங்கள் தெருவில் விளக்கு வேண்டும், தோட்டக்காரர்களுக்கு நஷ்டம் வந்தால் கையில் பணம் சீக்கிரம் வரவேண்டும். காட்டுமாட்டை நேசிக்கச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் ஊரில் எடுபடும்.

மே மாதம் கொடைக்கானல் வரப்போகிற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பார்த்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். சாந்தமாக நிற்கிறதே என்று கிட்டே போகாதீர்கள், அது சாந்தம் இல்லை, யோசனை. முக்கியமாக அது போக ஒரு வழி விடுங்கள். பத்து பேர் சுற்றி நின்று படம் எடுத்தால் அது வெளியேற ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் யாராவது ஒரு பாட்டி வாளியோடு வந்துகொண்டிருக்கலாம்.

இப்போது வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேசும்போது கடைசியாக அம்மாச்சி வாங்கிப் பேசுவார். சாப்பிட்டியா, குளிருக்குப் போர்த்திக்கிறியா (நான் இருப்பது மதுரை வெயிலில்!), அப்புறம் மறக்காமல் ஒரு கேள்வி.

"அந்த கம்போடியா மாடு கெடச்சுதாய்யா?"

"இன்னும் இல்ல அம்மாச்சி."

"தேடட்டும், தேடட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.